இருபத்து நான்கு முயல்களும் ஓர் ஆடும்

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இன்று பகிர்ந்துகொள்ள விரும்புவது ஓவியப் பாடத்தைப் பற்றியது. இரண்டு வட்டம், இரண்டு நீண்ட காது, மூன்று மீசை என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு முயல் வந்துவிடும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் விலங்கு வரையக் கற்பிப்பதில் இதற்குமேல் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு நூலாசிரியரோ விரிவுரையாளரோ அல்லர்; ஆடு வளர்த்த ஒரு பெரியவர்.

2006ஆம் ஆண்டு அது. பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். நான் பயிற்சி பெற்றவை தமிழும் கணிதமும். ஆனால் சிறிய பள்ளிகளில் வகுப்பாசிரியரே ஓவியமும் இசையும் உடற்கல்வியும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. எனவே எனக்குத் தெரிந்த எளிய வழியைக் கைக்கொண்டேன். எண் 2-ஐ எழுதி அதை வாத்தாக மாற்றுவேன். 3-ஐப் படுக்கவைத்துப் பறவையாக்குவேன். இவற்றுக்கெல்லாம் சிகரமாக நான் வைத்திருந்தது முயல் பாடம்.

"பெரிய வட்டம் போடுங்கள். அதன்மேல் சின்ன வட்டம். இப்போது காது..." என்று கரும்பலகையில் ஒவ்வொரு கோடாக நான் போட, பிள்ளைகளும் ஒவ்வொரு கோடாகப் போட்டார்கள். யாரேனும் பிந்தினால் நின்று காத்திருந்தேன். யாருடைய காதேனும் கோணலாகப் போனால் அருகில் சென்று, அழிப்பானால் அழித்து, அவர்கள் கையைப் பிடித்து நானே நேராக்கினேன். முப்பது நிமிடத்தில் இருபத்து நான்கு முயல்கள் பிறந்துவிட்டன. அழுகை இல்லை, சத்தம் இல்லை. எல்லாவற்றையும் பின்சுவர்ப் பலகையில் நான்கு வரிசையாகக் குத்தி வைத்தேன். வகுப்பைப் பார்க்க வந்த சக ஆசிரியர்கள் பாராட்டினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள் வந்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து சென்றார்கள். ஒரு சிறுமிக்காக அவளுடைய தாத்தா வந்திருந்தார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணிதத்தில் எத்தனை, தமிழில் எத்தனை என்று அவர் அதிகம் கேட்கவில்லை. எழுந்து பின்சுவர்ப் பக்கம் சென்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முயல்களை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல எங்க பேத்தி வரைஞ்சது எது டீச்சர்?"

நானும் எழுந்து சென்றேன். முதல் வரிசையைப் பார்த்தேன். இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். பெயர்களைத் தாளின் பின்புறம் எழுதச் சொல்லியிருந்தேன். முன்புறம் அழகு கெடக்கூடாது என்பதற்காக. எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. "நீயே காட்டும்மா" என்று சிறுமியிடம் சொன்னேன். அவள் சற்றுநேரம் தேடிவிட்டு, ஒன்றைக் காட்டினாள். ஊசியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். வேறொரு மாணவனின் பெயர் இருந்தது.

பெரியவர் சிரித்தார். என்னைக் குறை சொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. "எல்லாம் ஒரே தாய் போட்ட குட்டி மாதிரி இருக்குது டீச்சர். வீட்டுல இவ வெந்நீர் அடுப்புக் கரியை எடுத்து வாசல் சிமெண்டுல ஆடு வரைவா. நம்ம வீட்டுல ஒன்பது ஆடு. எந்த ஆட்டை வரைஞ்சிருக்கான்னு நான் பார்த்ததுமே சொல்லிடுவேன்" என்றார். பின், போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "இப்ப கொஞ்ச நாளா வரையறது இல்ல. பள்ளிக்கூடத்துல படிப்பு அதிகமாயிருக்கும்போல."

அன்றிரவு அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் ஓய்வு நேரத்தில் அவளை அழைத்து, "நீ ஆடு வரைவாயாமே, எனக்கு ஒன்று வரைந்து காட்டு" என்று வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். அவள் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆடு வரையத் தெரியாது டீச்சர்."

"வீட்டில் வரைந்தாயே?"

"அது சும்மா வரைஞ்சது. நீங்க இன்னும் ஆடு சொல்லிக் குடுக்கலையே."

ஆசிரியராக நான் கேட்ட சொற்களில் இதைவிடக் கனமானது வேறில்லை. அவளுக்கு ஆடு வரையத் தெரிந்திருந்தது. நான் முயல் கற்பித்தேன். அதன் பயனாக அவளுக்கு ஆடு வரையத் தெரியாமல் போயிற்று!

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் குழந்தையோவியத்தின் படிநிலைகளைப் பிரித்துக் காட்டியுள்ளார். ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல் பருவம். நான்கு முதல் ஏழு வரை, பார்க்கும் பொருளுக்கு ஒரு வடிவம் தேடும் பருவம். ஏழு முதல் ஒன்பது வரை, தனக்கென ஒரு வடிவத்தை நிலைநிறுத்திக்கொள்ளும் பருவம். நம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மிகச் சரியாக இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான வாசற்படியில் நிற்கிறார்கள். தனக்கென ஒரு வடிவத்தை ஒரு குழந்தை கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் வேளையில், "அது தவறு, இதுதான் முயல்" என்று வளர்ந்தவரின் வடிவத்தைக் கையில் திணித்தால், குழந்தை தன்னுடையதைக் கீழே போட்டுவிடுகிறது. வண்ணம் தீட்டும் அச்சுப் புத்தகங்களை லோவன்ஃபெல்ட் கடுமையாக எதிர்த்ததற்கும் இதுவே காரணம். அவருக்கு முன்னரே, 1927இல், பிரெஞ்சு அறிஞர் லுக்கே ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: சிறு பிள்ளைகள் கண்ணால் காண்பதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததையே வரைகிறார்கள். அதனால்தான் ஆட்டின் வயிற்றுக்குள் குட்டி தெரியும். பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண் இருக்கும். இவற்றையெல்லாம் நான் பிழை என்று அழித்துக்கொண்டிருந்தேன்.

சரி, இனி சுதந்திரமாக வரையட்டும் என்று முடிவு செய்து, அடுத்த ஓவிய வேளையில் "உங்களுக்குப் பிடித்த விலங்கை, விருப்பம்போல் வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அது அதைவிடப் பெரிய தோல்வியாயிற்று. ஏழெட்டுப் பேர் வரைந்தார்கள். ஏழெட்டுப் பேர் பழைய முயலையே மீண்டும் வரைந்தார்கள். மீதமிருந்தோர் "டீச்சர், எப்படி டீச்சர்?" என்று கேட்டபடியே இருந்தார்கள். ஒரு மாணவன் மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்கு எழுத்தும் சரியாக வராது. முயல் வரைந்த நாளில் மட்டும்தான் அவனுடைய தாள் மற்றவர்களின் தாளைப்போல் இருந்தது. அன்று அவன் அதை எத்தனை பேரிடம் காட்டினான் என்பது என் நினைவுக்கு வந்தது.

ஆகவே, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது முற்றிலும் தீது என்று நான் சொல்லமாட்டேன். 'என்னாலும் முடியும்' என்ற நம்பிக்கையை அது தருகிறது. ஆசிரியர் சொல்வதைக் கேட்டுச் செய்யும் பழக்கத்தைத் தருகிறது. வட்டம், நீள்வட்டம், முக்கோணம், வளைகோடு, இடப்பக்கம், வலப்பக்கம் ஆகிய சொற்களைக் கையின் வழியாகவே கற்கும் அருமையான தமிழ்ப் பாடமும் அதுதான். என் பிழை, வழியைக் காட்டியதில் இல்லை; பிள்ளைகள் தாமாக முடிவு செய்ய எதையுமே மிச்சம் வைக்காததில் இருந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் முட்டி மோதிக் கண்டுகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எழுதுகோலைத் தொடவிடுவதில்லை. பத்து நிமிடம் பேச்சு மட்டுமே. ஆடு வரைகிறோம் என்றால், "ஆட்டின் வால் மேலே நிற்குமா, கீழே தொங்குமா?" என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். வெள்ளாட்டின் வால் பெரும்பாலும் நிமிர்ந்திருக்கும். செம்மறியாட்டின் வால்தான் தொங்கும். "காது எப்படி?" என்பேன். ஜம்னாபாரி ஆடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, நீளமாகத் தொங்கும் என்று சொல்லும். நாட்டு இனமான காச்சாங் ஆடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, குட்டையாக நிமிர்ந்திருக்கும் என்று சொல்லும். இரண்டும் சரியே! "கண்ணுக்குள் இருக்கும் கருப்பு வட்டமா?" என்று கேட்டால் யாருக்கும் விடை தெரியாது. படுக்கைவாட்டில் கீறியதுபோல் இருக்கும் என்று நான் சொன்னால், மறுநாள் நான்கு பேராவது ஆட்டின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வந்து உறுதிப்படுத்துவார்கள். அந்தப் பார்வைதான் ஓவியப் பாடத்தின் பாதி என்பது என் எண்ணம்.

அடுத்து, வடிவங்கள். உடலுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்கு ஒரு வட்டம், கழுத்துக்கு இரண்டு கோடு என்று பலகையில் எலும்புக்கூட்டை மட்டும் காட்டுகிறேன். அதுவும் ஒன்றன்று, மூன்று. ஒன்றில் உடல் பெரிதாகவும் தலை சிறிதாகவும், மற்றொன்றில் தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும், மூன்றாவது படுத்திருப்பதாகவும் இருக்கும். பார்த்து முடித்ததும் மூன்றையும் அழித்துவிடுகிறேன். பலகையில் படம் இருக்கும்வரை பிள்ளைகளின் கண் ஆட்டிடம் போகாது.

பிறகு வருவது கார்ட்டூன். சாதாரணப் படத்துக்கும் கார்ட்டூனுக்கும் என்ன வேறுபாடு என்பதை ஒரு சிறு விளையாட்டால் விளக்கலாம். பலகையில் ஒரே அளவான இரண்டு வட்டங்களை வரையுங்கள். ஒன்றில் கண்களைச் சிறியதாக, மேற்பகுதியில் வையுங்கள். மற்றொன்றில் கண்களைப் பெரியதாக, நடுக்கோட்டுக்குக் கீழே வையுங்கள். "எது தாத்தா, எது பாப்பா?" என்று கேளுங்கள். எல்லாரும் ஒரே குரலில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பெரிய தலை, அகன்ற நெற்றி, தாழ்ந்த பெரிய கண்கள் ஆகியவற்றைக் கண்டால் நம் மனம் குழந்தை என்று எண்ணி இளகுகிறது என்பதை விலங்கியல் அறிஞர் கொன்ராட் லொரன்ஸ் 1943இல் எழுதினார். 1928இல் திரைக்கு வந்த மிக்கி மௌஸ், ஆண்டுகள் செல்லச் செல்லத் தலையும் கண்களும் பெரிதாகி இளமையாகிக்கொண்டே வந்ததை ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அறிவியலாளர் 1979இல் அளந்து காட்டினார். பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லத் தேவையில்லை. கண்ணை இடம் மாற்றினால் வயது மாறும், புருவக் கோட்டைச் சாய்த்தால் மனநிலை மாறும் என்பதை அவர்கள் கையாலேயே செய்து பார்த்தால் போதும். ஒரு புருவத்தால் ஆடு கோபப்படுவதைப் பார்த்து அவர்கள் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

இறுதியாக, மூன்று கேள்விகள். யாருடைய ஆடு? எங்கே இருக்கிறது? என்ன செய்கிறது? இவற்றுக்கு விடை சொல்லாமல் யாரும் தொடங்கக்கூடாது என்பது எங்கள் வகுப்பு விதி. "பக்கத்து வீட்டு ஆடு, மழையில், எங்கள் அம்மாவின் கீரையைத் தின்கிறது" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அந்தப் படம் வேறு யாருடைய படத்தைப் போலவும் இருக்க முடியாது. அதுவே பிறகு வாக்கியம் அமைக்கும் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது. மேசைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்ட மாணவனைப் போன்றவர்களுக்கு மட்டும் அருகில் அமர்ந்து, முதல் நீள்வட்டத்துக்குத் துணை செய்கிறேன். ஆனால் என் தாளில்தான் வரைந்து காட்டுவேன். குழந்தையின் தாளில் என் எழுதுகோல் படக்கூடாது. இது நான் எனக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

ஆட்டுக்குப் பிறகு நான் விரும்பிக் கற்பிப்பது சருகுமான். மலாய்க் கதைகளில் வரும் சாங் காஞ்சில்தான் அது. முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணுவதாகச் சொல்லி, அவற்றின் முதுகின்மேல் ஆற்றைக் கடந்த கதை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மலாக்கா மாநிலச் சின்னத்திலும் இரண்டு சருகுமான்கள் உண்டு. 1994 முதல் 2009 வரை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட ஒரு சிறிய மகிழுந்துக்கும் அதன் பெயரையே சூட்டினார்கள். ஆனால் வரையச் சொன்னால் பிள்ளைகள் கொம்பு வைத்த மானைத்தான் வரைவார்கள். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது என்றதும் வகுப்பு வியக்கும். கொம்புக்குப் பதிலாக ஆணுக்கு மேல்வாயிலிருந்து சிறிய கோரைப்பல் நீண்டிருக்கும். எழுதுகோல் போன்ற மெல்லிய கால்கள், உருண்ட உடல். இயற்கையே கார்ட்டூனாகப் படைத்த விலங்கு என்று சொல்லத் தோன்றும். மலேசியாவின் முதல் உயிரோவியக் குறும்படம் எனப்படும் 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' 1983இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். "நம்மைப் போன்ற பெயருடைய ஒருவர், இந்தச் சருகுமானை வரைந்து வரைந்து நடக்க வைத்தார்" என்று நான் சொல்லும்போது பிள்ளைகளின் முதுகு நிமிர்வதைக் கண்டிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரியவில்லை என்பதே அதன் பொருளாகக் குழந்தைக்குப் படும். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேளுங்கள். ஐந்து கால் இருந்தால், ஐந்தாவது கால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வாலாகவோ, ஓடும் வேகமாகவோ இருக்கும். வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கும் பணத்தில் வெறும் தாள் வாங்குங்கள். கரித்துண்டும் சிமெண்டு வாசலும் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

"ஓவியம் சோறு போடுமா?" என்று கேட்போரும் உண்டு. 1988இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வு நடைமுறையில் இருந்த காலத்தில், ஓவிய வேளையைக் கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைக்க விரும்பவில்லை. 2021இல் அந்தத் தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் எல்லாருக்கும் ஒரே விடை, ஒரே முயல் என்ற பழக்கம் நம் கைகளைவிட்டு அவ்வளவு விரைவில் அகல்வதாக இல்லை.

அந்தச் சிறுமி மீண்டும் ஆடு வரைந்தாளா என்று நீங்கள் கேட்கலாம். உடனே வரையவில்லை. மாதங்கள் கடந்தன. மற்றவர்கள் ஆடு வரைந்த நாளிலும் அவள் ஒரு கோழியை வரைந்து கொடுத்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆண்டிறுதி நெருங்கியபோது, ஒருநாள் அவள் தாளில் ஒரு செம்பனை மரம் இருந்தது. தடித்த தண்டு, வெட்டிய மட்டைகளின் தழும்புகள் எல்லாம் இருந்தன. தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும், சிறியதாக, நிமிர்ந்த ஒரு வால். மற்ற எதுவும் இல்லை.

கடைசி முறை தாத்தா வந்தபோது பின்சுவரில் இருபத்து நான்கு படங்கள் இருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாம் வரிசையில் நின்றார்.

"அட, திருட்டுக் கழுதை! கூப்பிட்டா வராது டீச்சர், எப்பவும் மரத்துக்குப் பின்னாலதான் நிக்கும்" என்று உரக்கச் சிரித்தார். சிறுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். ஆனால் அவளும் சிரித்தாள்.

ஆடு உண்மையிலேயே ஒளிந்திருந்ததா, அல்லது வரைய வராத பாகங்களை அவள் மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அந்தத் தாளைத் திருப்பிப் பெயரைப் பார்க்க வேண்டிய தேவையும் அன்று எவருக்கும் இருக்கவில்லை.